தோட்டத் திடலிலிருந்து தொழில்முறைக் குழுவுக்கு

காற்பந்து நன்றாக ஆடும் பிள்ளைக்கு அதுவே பிழைப்பாகுமா? பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது.

அமெரிக்கக் காற்பந்து கையில் பந்தை ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அங்கே ஆண்டுதோறும் 32 தொழில்முறைக் குழுக்கள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து 7 சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. பின்தங்கிய குழுவுக்கே முதல் வாய்ப்பு.

நம் நாட்டில் அம்முறை இல்லை. பள்ளி, கிரியான் மாவட்டம், பேராக் மாநிலம், பிறகு தேசியப் பள்ளிகள் போட்டி எனப் படிப்படியாக ஏறவேண்டும். 1996இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும் தொடங்கின. தேர்வாளர் கண்ணில் பட்டால்தான் அங்கே இடம்.

சங்கிலி அறுவது எங்கே? தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் மாலைப் பயிற்சி முடியுமுன் பேருந்து போய்விடும். பிள்ளை ஆட்டத்தை விட்டுவிடுகிறான். ஆகவே ஆசிரியர்களாகிய நாம் அவன் திறமையைப் புதிய பள்ளிக்கு எழுதித் தெரிவிப்போம். பெற்றோர் கூடிப் போக்குவரத்துக்கு வழி செய்யட்டும்.

வலைகாவலர் ஆர். ஆறுமுகம் புகழ்பெற்ற 1970களில் இங்கே தொழில்முறைக் காற்பந்து இல்லை. அது முழுமையாக வந்தது 1994இல். இன்றும் சம்பளம் நிலுவையில் நின்ற குழுக்கள் உண்டு. காலில் ஒரு காயம் பட்டாலே ஆட்டம் முடியலாம். எனவே எஸ்.பி.எம். சான்றிதழையும் பிள்ளை கைவிடலாகாது. பந்தும் புத்தகமும் சேர்ந்தே போகட்டும்.