உடற்பருமனும் அதன் சிகிச்சை முறைகளும் – ஒரு சமூகவியல் நோக்கு

நோயொன்றுக்கு அளிக்கப்படும் சிகிச்சையை, அந்நோய் பற்றிச் சமூகம் கொண்டுள்ள கருத்தினின்றும் பிரித்து நோக்குதல் கடினம். உடற்பருமன் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். தமிழிற் 'கொழுப்பு' என்னும் சொல் உடலிலுள்ள ஒரு பொருளையும் செருக்கையும் ஒருசேரக் குறிக்கின்றது. பருத்த உடலைக் குணக்கேட்டின் அடையாளமாகக் காணும் நோக்கு நமது பேச்சு வழக்கிலேயே படிந்துள்ளது. இத்தகைய நோக்கும், மருந்து பண்டமாக விற்கப்படும் பொருளாதார அமைப்பும் இந்நோயின் சிகிச்சையை எவ்வாறு பாதித்துள்ளன என்பதை இங்கு சுருக்கமாக ஆராய்வோம்.

உணவுக் கட்டுப்பாடு பற்றிப் பரவலாக வாசிக்கப்பட்ட ஆரம்பகால நூல்களுள் ஒன்று 1863 இல் இலண்டனில் வெளிவந்தது. ஈமச்சடங்கு ஏற்பாட்டாளரான வில்லியம் பான்டிங், பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தவிர்த்து, இறைச்சியையும் மீனையும் உண்டு, ஏறத்தாழ ஓராண்டில் 46 இறாத்தல் எடை குறைந்ததை அதில் விபரித்தார். நாள்தோறும் இறைச்சி உண்ண வசதியுள்ள வர்க்கத்துக்கே அம்முறை உரியதாயிருந்தது. அதே நகரின் தொழிலாளர், அவர் விலக்கிய பாணையும் உருளைக்கிழங்கையும் நம்பியே வாழ்ந்தனர்.

மருந்துச் சிகிச்சையின் வரலாறு இதனினும் கவனத்துக்குரியது. முதலாம் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிற் பணியாற்றியோர் டைநைத்திரோபீனோல் என்னும் இரசாயனப் பொருளால் எடை குறைந்து, காய்ச்சலும் வியர்வையும் மிக்கவராகினர். சிலர் இறந்தும் போயினர். அதே பொருளை 1933 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் எடை குறைப்பு மருந்தாக அறிமுகப்படுத்தினர். கண்புரை நோயும் மரணங்களும் நேர்ந்த பின்னர், 1938 இல் அந்நாட்டில் அது மனிதப் பாவனைக்கு உகந்ததன்று என ஒதுக்கப்பட்டது. தொழிலாளரின் உடலிலே நஞ்செனத் தெரிந்திருந்த ஒன்று, சந்தையில் மருந்தாக மறுபிறப்பெடுத்ததை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இன்றைய மருத்துவம் உடற்பருமனை நீடித்த நோயாகவே கருதுகின்றது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்றிணிவுச் சுட்டெண் 30 ஆகவோ அதற்கு மேலோ இருப்பின் அது உடற்பருமன் எனப்படும். ஆசிய மக்களிடையே குறைந்த சுட்டெண்ணிலேயே நீரிழிவு முதலியன தோன்றுவதால், 23, 27.5 ஆகிய எல்லைகளையும் கருத்திற் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எடுத்துரைத்தது.

சிகிச்சை மூவகைப்படும். முதலாவது, உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றில் மாற்றம் செய்தல். எடையில் 7 வீதத்தைக் குறைத்தலையும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று, நீரிழிவு தோன்றுதல் 58 வீதத்தாற் குறைந்தமையை 2002 இல் வெளிப்படுத்தியது. சிறிய எடைக் குறைவும் பயன் தரும் என்பது இதனாற் புலனாகும். இரண்டாவது, மருந்து. குடலிற் சுரக்கும் ஓமோன் ஒன்றைப் போலச் செயற்பட்டுப் பசியைத் தணிக்கும் செமாகுளுட்டைட் ஊசி, 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 வீத எடையைக் குறைத்ததென 2021 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மூன்றாவது, சத்திரசிகிச்சை. 1966 இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடக்கிவைத்த இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையும், இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் பிற்கால முறையும் கடும் உடற்பருமன் உடையோர்க்குப் பெரும்பயன் அளிப்பன. ஆயின் அவர்கள் வாழ்நாள் முழுவதும் விற்றமின் முதலியன பெற்று, கண்காணிப்பில் இருத்தல் வேண்டும்.

குறைந்த எடை பெரும்பாலும் மீள்வதேன்? எடை குறைந்ததும் கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்ரின் குறைகின்றது, பசி பெருகுகின்றது, உடல் செலவிடும் சக்தியும் சுருங்குகின்றது. எனவே மன உறுதி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு நோயாளியைப் பழித்தல் அறிவியலுக்குப் புறம்பானது. செமாகுளுட்டைட்டை நிறுத்தியோர் ஓராண்டுக்குள் இழந்த எடையின் மூன்றில் இரண்டு பங்கை மீளப் பெற்றமையும் இதனையே உணர்த்துகின்றது. சிகிச்சை நீண்டகாலம் தொடர வேண்டியதெனின், அதனை யார் பெறுவர் என்ற வினா எழுகின்றது. 2021 இல் அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,350 டொலராயிருந்தது. நீரிழிவோடு இருதய அல்லது சிறுநீரக நோயும் உடற்பருமனும் சேர்ந்துள்ளோர்க்காக, இவ்வகை மருந்துகளை 2025 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. பட்டியலிற் சேர்தல் வேறு, வறியவர் கையை அடைதல் வேறு.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பெரும்பாலும் அளவறிந்து உண்பதையே பேசுகின்றது. அவ்வறிவுரை இன்றும் பொருளுடையதே. எனினும், உணவைத் தெரிவு செய்யும் வாய்ப்பு உண்பவரிடம் இருந்தாலன்றி அது செயற்படாது. நீண்டநேரம் இருந்தவாறே வேலை செய்து, மலிவான மாப்பண்டங்களையும் இனிப்புப் பானங்களையும் வாங்கி உண்ணும் உழைப்பாளிக்கு அத்தெரிவு மிகக் குறுகியது. மெக்சிக்கோ 2014 இலும், இலங்கை 2017 இலும், பிரித்தானியா 2018 இலும் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தன. பிரித்தானியாவில் வரி நடைமுறைக்கு வருமுன்னரே பல உற்பத்தியாளர் தம் பானங்களிற் சீனியைக் குறைத்தனர். நுகர்வோருக்கு ஆண்டாண்டாகக் கூறிய அறிவுரை செய்யாததை, உற்பத்தியின் மீதான கட்டுப்பாடு செய்தது.

ஆகவே, தனிமனித சிகிச்சையையும் சமூக நடவடிக்கையையும் எதிரெதிராக நிறுத்துதல் பொருந்தாது. நோயுற்றவருக்குப் பழிப்பற்ற, தொடர்ச்சியான மருத்துவம் பொது வைத்தியசாலைகளிற் கிடைத்தல் வேண்டும். நோயை உருவாக்கும் உணவு உற்பத்தி முறையும் வேலை நிலைமைகளும் மாற்றப்படுதல் வேண்டும். முன்னதை மட்டும் செய்யின் நோயாளர் தொகை குறையாது; பின்னதை மட்டும் பேசின், இன்று துன்புறுவோர் கைவிடப்படுவர்.