ஜீப்புக்குப் புது டாங்க்

சென்ற மழைக்காலத்தில் ஜபல்பூரில் நம் சங்க அன்பர் ஒருவர் தமது மகிந்திரா ஜீப்பைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார். 1972-ஆம் வருடத்து வண்டி, பெட்ரோல் எஞ்சின். நாலு கிலோமீட்டர் ஓடும், இருமும், நின்றுவிடும். பெட்ரோல் பம்போடு இணைந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் காப்பிப்பொடி போலத் துரு. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தடவினால் விரலில் பெட்ரோல் ஈரம்.

அந்த மாதிரி ஜீப்பில் டாங்க் இருப்பதே ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்த ஏற்பாடு அது. சுமார் 40 லிட்டர் பெட்ரோலின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு காடுமேடெல்லாம் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்!

டாங்க் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான். பாதி காலியாக வண்டி நிற்கும்போது இரவுக் குளிரில் உள்ளே காற்றிலுள்ள ஈரம் நீராகிறது. நீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் தங்கித் தகட்டைத் தின்கிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும்.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக், "தண்ணீர் விட்டு அலசி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, கேஸ் வெல்டிங் போட்டுவிடலாம்" என்றார். அன்பரும் தலையாட்டிவிட்டார். நான் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.

நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்கே பயங்கரம். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். நிறைந்த டாங்கினுள் ஆவி அதற்கு மேல் அடர்ந்திருக்கும். 40 லிட்டர் காலி டாங்கிலோ ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோல் ஆவியானாலே வெடிக்கும் கலவை தயார். அலசினாலும் மடிப்பிலும் துருப்பொருக்கிலும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். வெல்டிங் சூட்டில் வெளியே வரும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் டாங்க் வேகன் பழுதுக்கு வந்தால் முதலில் நீராவி விட்டுச் சுத்தம் செய்வோம். ஆவி இல்லை என்று சோதித்துக் கையெழுத்தான பிறகே நெருப்புக்கு அனுமதி. எங்கள் காலனிக்கு அருகில் காலி டிரம் ஒன்றைப் பற்றவைக்கப் போன பையனின் கையை அதன் மூடி முறித்துப்போட்டதையும் கண்ணால் கண்டவன் நான்.

அன்பர் இணங்கினார். புது டாங்க் வாங்கி வந்தார். வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளினோம். ஷெட்டோ குழியோ உதவாது. ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். மிச்சப் பெட்ரோலை இரும்பு ஜெர்ரிக்கேனில் வடித்தோம். பிளாஸ்டிக் வாளியில் அல்ல. பிறகு இருக்கை, மிதவையின் ஒயர், குழாய்கள், பட்டைகள். துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டிருந்ததால் தகராறு இல்லை. டாங்க் உட்காரும் பள்ளத்தின் வடிகால் துளை சேற்றால் அடைத்திருந்தது. அதையும் குத்தித் திறந்தோம். இல்லாவிட்டால் புதிய டாங்கும் வெளியிலிருந்து துருப்பிடிக்கும்.

பூட்டி முடித்தபின் இரண்டு சோதனைகள். பெட்ரோல் அளவு காட்டும் முள் அசையவே இல்லை. புது டாங்கின் கனத்த பெயிண்டினால் மிதவைக்கு எர்த் கிடைக்கவில்லை; ஓரிடத்தில் சுரண்டி ஒயர் கொடுத்ததும் சரியாயிற்று. அடுத்து, பேடாகாட் சாலையில் வண்டி மறுபடி நின்றது. மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகிறது! கடையில் கொடுத்த மூடியில் காற்றுத்துளை இல்லை. உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. வாக்குவம் பிரேக்கோடு அத்தனை வருடம் மாரடித்த எனக்கே அது தோன்ற அரை மணி ஆயிற்று. பழைய மூடியைப் போட்டதும் வண்டி ஓடியது.

பழைய டாங்கைக் கபாடிக்காரர் கேட்டார். அவர் கடையில் கேஸ் கட்டர் இருப்பது தெரியும். "பெட்ரோல் டாங்க், நெருப்பு காட்டாதே" என்று இந்தியில் பெரிய எழுத்தில் பெயிண்டால் எழுதி, அவரையும் படிக்கச் சொல்லிவிட்டே கொடுத்தோம்.