குதிரைக்கும் வரும் சேற்றுப்புண்

நாள் முழுக்க நடவு வயலில் நின்றவர்களுக்குச் சேற்றுப்புண் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் இடுக்கு ஊறி, வெளுத்து, வெடித்து எரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உங்கள் குதிரையின் குளம்புக்கு மேலே, கால் மடங்கும் பின்பக்கத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். நமக்குப் பூஞ்சை, குதிரைக்குப் பெரும்பாலும் 'டெர்மட்டோஃபிலஸ்' என்னும் பாக்டீரியா. தோல் ஈரத்தில் ஊறினால்தான் இரண்டும் உள்ளே நுழையும்.

தை பிறந்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி பக்கம் எல்கைப் பந்தயம். மார்கழியில் கால் வெடித்து நொண்டும் குதிரையை அதற்குள் தேற்றி வண்டியில் பூட்டுவது கடினம். ஆகவே மழை தொடங்கும்போதே காலைக் கவனியுங்கள்.

முதலில் மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டி நிற்கும். விரலால் தடவினால் பொருக்கு தட்டுப்படும். அதன் அடியில் சிவந்த ஈரம். பிறகு வெடிப்பு, வீக்கம், நொண்டல். நான்கு கால்களும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணிக்கு விலை அதிகம். ஆனால் வெள்ளை மயிருக்கு அடியில் உள்ள இளஞ்சிவப்புத் தோலுக்குத்தான் இந்தத் தொல்லையும் அதிகம். ராசி பார்த்து வாங்கியவர்கள் காலையும் தினம் பார்க்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் குதிரைப் பராமரிப்பு என்றாலே குளிப்பாட்டுவதுதான். ஓட்டம் பழக்கி வந்ததும் வாய்க்காலில் இறக்கி, தேய்த்துக் கழுவி, சொட்டச் சொட்ட அப்படியே கட்டிவிடுகிறோம். மழைக்காலத்தில் இந்தப் பழக்கம் சேற்றைவிடக் கெடுதல். காலில் சேறு இருந்தால் காயவிட்டுப் பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால், பருத்தித் துண்டால் குளம்பின் பின்பக்கப் பள்ளம்வரை ஒற்றி எடுங்கள். கொட்டகைத் தரையை உயர்த்தி, சரிவு வைத்து, உமி பரப்பலாம். மூத்திரத்தில் நனைந்ததைத் தினமும் அள்ளிவிட வேண்டும். காலைப் பிணைக்கும் கயிறும் கவனிக்க வேண்டியது. ஈரக் கயிறு உராய்ந்த இடத்தில்தான் பல புண்கள் ஆரம்பிக்கின்றன. பிணைக்காமல் தீராது என்றால் துணி சுற்றிய பட்டையாகப் போடுங்கள்.

புண் வந்துவிட்டால் சுற்றியுள்ள மயிரைக் கத்தரியுங்கள். பொவிடோன் அயோடின் கரைசலைப் பால் சேர்க்காத லேசான தேநீர் நிறத்துக்கு நீர்த்து, நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இளகிய பொருக்கு தானே கழன்று வரும். காய்ந்ததைப் பிய்த்தால் வலியில் உதைக்கும், புண்ணும் பெரிதாகும். விழுந்த பொருக்கில் கிருமி உயிரோடு இருக்கும்; அதை எரித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு காலை நன்றாக உலர்த்துங்கள். மருந்து எதுவானாலும் உலர்ந்த தோலில்தான் தடவ வேண்டும். ஈரப் பொருக்கின் மேல் வேப்பெண்ணெயோ கிரீஸோ பூசினால் கிருமியை உள்ளே வைத்து மூடியதாகும். மயில்துத்தம், பினாயில், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்; தோல் வெந்துவிடும். வீக்கம் மேலே ஏறினாலோ, காய்ச்சல் கண்டாலோ ஊசி மருந்து தேவைப்படலாம். உள்ளூர்க் கால்நடை மருந்தகம் அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

காலில் வரும் எல்லாப் புண்ணும் சேற்றுப்புண் அல்ல. ஆறாமல் சதை வளர்ந்து, மஞ்சள் நிற மணிகள் போல் தட்டுப்பட்டால், ஈ கொண்டுவந்து விட்ட குடற்புழுவின் இளம்புழு காரணமாக இருக்கலாம். வடக்கே மழைக்காலத்தின் பெயராலேயே இதைப் 'பர்சாத்தி' என்பார்கள். தேங்கிய நீரில் வாழும் ஒருவகை நுண்ணுயிரும் இதேபோல் புண்ணை உண்டாக்கும். அதைச் சீக்கிரம் வெட்டி எடுத்தால்தான் கால் பிழைக்கும்.

கால் உட்புறம் கட்டிகள் வரிசையாகக் கிளம்பி உடைந்து, தேன் போல் பிசுபிசுப்பாக வடிந்தால் நிலைமை வேறு. அது 'கிளாண்டர்ஸ்' ஆக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கும் நோய் அது. 2009 சட்டப்படி தகவல் சொல்லியாக வேண்டும். கட்டியைத் தொடாமல், குதிரையைத் தனியே கட்டி, மருத்துவரை வரவழையுங்கள். ரத்த மாதிரியை ஹிசார் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிப்பார்கள். அதுவரை சந்தைக்கோ பந்தயத்துக்கோ ஓட்டிச் செல்லக் கூடாது.

இன்னொன்று: சின்ன வெடிப்பு வழியாகக்கூட டெட்டனஸ் நுழையும். வீட்டு விலங்குகளில் குதிரைக்குத்தான் அது மிக எளிதில் வரும். தடுப்பூசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைவில்லாவிட்டால், காலைக் காட்டப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள்.