கணினியில் தமிழெழுத்து

தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துக்கள் 247. எட்டு இருமக் குறியீட்டு அட்டவணையிலோ 256 இடங்களே உள. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் உரியது. எஞ்சிய 128 இடங்களில் தமிழை அமைத்தல் எங்ஙனம்?

1990களில் எழுத்துரு ஆக்கியோர் வெவ்வேறு முறைகளைக் கையாண்டனர். அதனால், ஒருவர் விடுத்த மடல் வேறோர் எழுத்துருவுடையார்க்குப் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. இக்குறை நீக்கப் பல நாட்டுத் தமிழார்வலர் மின்னஞ்சல்வழி ஆராய்ந்து, ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். கு, கூ போல வடிவு திரிவனவற்றுக்குத் தனியிடம் ஈந்து, கால், கொம்பு முதலியவற்றைத் தனிக்குறிகளாக்கினர்.

1998இல் தோன்றிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இக்குறியீட்டிலும் வெளிவந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாறின. திஸ்கியிற் கொம்பு மெய்க்கு முன்னிற்கும், ஒருங்குறியிற் பின்னிற்கும். ஆதலின், பழைய ஏடுகளைப் பெயர்ப்போர் எண்ணோடு வரிசையையும் மாற்றுதல் வேண்டும். அன்றேல் சொல் சிதையும்.