ஓடுகிற மெஷினும் ஷாக் அடிக்கும்

"மெஷின் நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் பிரிச்சுப் பார்க்கணும்?" கோவைப் பக்கத்து லேத் பட்டறைகளில் சாதாரணமாகக் காதில் விழும் கேள்விதான். பேரிங் விஷயத்தில் இது ஓரளவு சரி. தேய்ந்தால் சத்தம் போடும். எர்த் வயர் விஷயத்தில் இது ஆபத்தான நியாயம்.

ஃபேஸ் வயர் ஒன்று அறுந்தால் மோட்டார் உறுமும், சூடாகும், நின்றுபோகும். எர்த் வயர் அறுந்தால் ஒன்றுமே ஆகாது. பழுதில்லாத நாட்களில் அந்த வயருக்கு வேலையே இல்லை என்பதால், அது இருக்கிறதா அறுந்ததா என்பதை மெஷின் காட்டிக்கொடுக்காது. என்றோ ஒரு நாள் காயிலின் வார்னிஷ் கருகி, கம்பி மோட்டாரின் பாடியைத் தொடும். அப்போது முதலில் தெரிந்துகொள்பவர், மெஷின் மேல் கை வைத்தவர்தான்.

அவரைச் சாய்க்க அதிக மின்சாரம் வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களின் கையில் மின்சாரம் செலுத்தி அளந்து பார்த்தார். தசை இறுகிப் பிடித்த பிடியை விட முடியாமல் போகும் அளவு, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. ஒரு 40 வாட் குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"அதான் எர்த் குழி இருக்கே" என்பார்கள். உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீரும் ஊற்றுகிறோமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழியின் மின்தடை 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 6 ஓமால் வகுத்தால் சுமார் 38 ஆம்பியர். 32 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு உடனே விழாது. ஒரு மணி நேரம்கூடத் தாங்கிக்கொண்டிருக்கும். அதுவரை மோட்டார் பாடியில் சுமார் 190 வோல்ட் நிற்கும். எர்த் குழி இருந்தும் ஆள் சாகலாம்!

சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆலையில், மோட்டார் பாடியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் வரை நல்ல செம்புப் பாதை இருந்து, மொத்தத் தடை அரை ஓம் என்றால் 460 ஆம்பியர் பாயும். பிரேக்கர் நொடியில் விழும். ஆகவே குழியை மட்டும் அளந்தால் போதாது, ஃபேஸும் எர்த்தும் சேர்ந்த முழுச் சுற்றையும் லூப் டெஸ்டரால் அளக்க வேண்டும். மின்வாரிய லைனில் ஓடும் சிறு பட்டறைக்கு, மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் காவல். கைக்கருவிகள் மாட்டும் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுந்தது என்று திருப்திப்படுபவர்கள் உண்டு. அந்தப் பட்டன் உள்ளிருக்கும் விசையை மட்டுமே சோதிக்கிறது. உங்கள் எர்த் வயர் அறுந்திருந்தாலும் அது விழும்.

அடுத்தது, காப்புத்தடையை அளக்கும் மெக்கர். காயிலுக்கும் பாடிக்கும் இடையே 500 வோல்ட் டி.சி. கொடுத்து, ஒரு நிமிடம் கழித்து முள் நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். நம் நாட்டு விதிப்படி தாழ்மின்னழுத்த வயரிங்குக்கு 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் டிரைவ் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். மெக்கர் கொடுக்கும் மின்னழுத்தத்தை டிரைவின் எலக்ட்ரானிக்ஸ் தாங்காது. சோதனை முடிந்ததும் காயிலை எர்த்தில் தொட்டு, தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான்.

ஒரே ஒரு அளவை வைத்து மோட்டாருக்கு நற்சான்று கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. போன வருடம் 200 மெகா ஓம் காட்டியது இப்போது 6 காட்டினால், விதிப்படி பாஸ்தான். ஆனால் அது தேறாத கேஸ். ஈரமா, எண்ணெயா, கருகலா என்று உடனே பார்க்க வேண்டும். வெப்பமும் அளவை மாற்றும்: காயில் 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் காப்புத்தடை ஏறக்குறையப் பாதியாகும். எனவே அளக்கும்போது காயில் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கண்ணால் பார்ப்பதும் சோதனைதான். கேபிள் மெஷினுக்குள் நுழையும் கழுத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா, மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க மெக்கர் தேவையில்லை.

அடுத்த முறை உங்கள் பட்டறைக்குச் சோதனைத் தாள் வரும்போது, 'சரி' என்ற முத்திரையோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை ஓம், எத்தனை மெகா ஓம், எந்தத் தேதி என்று கேளுங்கள். எண் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.