சிப்புக்குள் சி மொழி – 9: தலைகீழாகும் எண்கள்

லாரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கேன் பஸ் என்ற இரட்டைக் கம்பி வழியாக எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. அந்தக் கம்பியில் வரும் பைட்டுகளை வண்டியில் மாட்டியிருக்கும் ஜிபிஎஸ் கருவி கையில் வாங்கியதும் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

நாமக்கல்லுக்கு இது அக்கறையான விஷயம். பாடி கட்டும் பட்டறைகளும், எரிவாயு டேங்கர்களும், முட்டை ஏற்றிப் போகும் வண்டிகளும் நிறைந்த ஊர் அது. பக்கத்தில் திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. வண்டி அசாமில் நிற்கும். உரிமையாளர் பரமத்தி சாலையில் இருப்பார். வண்டி எங்கே நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறதா, டீசல் எவ்வளவு செலவாகிறது என்ற மூன்றையும் அவருக்குச் சொல்வது அந்த ஜிபிஎஸ் கருவிதான்.

ஒரு பைட்டுக்குள் 0 முதல் 255 வரைதான் அடங்கும். அதைவிடப் பெரிய எண்ணைப் பல பைட்டுகளாகப் பிரித்தாக வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனரக வண்டிகளுக்கான ஜே1939 தரத்தில் ஒரு அலகு என்பது 0.125 சுற்று. ஆக, அனுப்ப வேண்டிய எண் 12000. அதை 256ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 224. ஜே1939 சிறிய பக்கத்தை முதலில் அனுப்பும்: முதலில் 224, பிறகு 46. இதுதான் லிட்டில் எண்டியன். வரிசையை மாற்றிப் படித்தால் 57390 வரும். அதாவது 7173.75 சுற்று. எந்த லாரி டீசல் இன்ஜினும் அந்த வேகத்தைத் தாங்காது.

இணையத்தின் நெறிமுறைகளோ பெரிய பக்கத்தை முதலில் வைக்கின்றன. இந்தப் பூசலுக்கு டேனி கோஹன் 1980 ஏப்ரல் 1 அன்று எழுதிய ஒரு குறிப்பில்தான் எண்டியன் என்ற பெயர் கிடைத்தது. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவரின் கதையில் நடக்கும் சண்டையிலிருந்து அவர் எடுத்த சொல் அது. முட்டைக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்து இதை விளக்கப் பொருத்தமான பெயர்தான். ஜிபிஎஸ் கருவிகள் சர்வருக்கு அனுப்பும் வடிவங்கள் பலவும் பெரிய பக்கத்தை முதலில் வைப்பவை. கருவிக்குள் இருக்கும் ஆர்ம் சிப் பெரும்பாலும் சிறிய பக்கக்காரர். ஆகவே ஒரே நிரலில் இரண்டு வரிசைகளும் வந்து மோதுகின்றன.

மோதினால் என்ன ஆகும்? நாமக்கல் ஏறத்தாழ 11.22 டிகிரி வடக்கு, 78.17 டிகிரி கிழக்கில் இருக்கிறது. பல கருவிகள் இதை ஒரு கோடியால் பெருக்கி நான்கு பைட்டுகளில் அனுப்புகின்றன. அட்சரேகை 112200000, பைட்டுகள் 6, 176, 9, 64. தலைகீழாகப் படித்தால் 107.44 டிகிரி வரும். 90க்கு மேல் அட்சரேகையே கிடையாது என்பதால் சர்வர் உடனே கண்டுபிடித்துவிடும். தீர்க்கரேகை அப்படியல்ல. 46, 151, 203, 160 என்பதைத் திருப்பிப் படித்தால் மேற்கே 159.73 டிகிரி வருகிறது. ஹவாய்த் தீவுகள் இருக்கும் பகுதி அது. எண் செல்லுபடியானது என்பதால் எல்லையைப் பார்க்கும் எந்தச் சோதனையும் அதைத் தடுக்காது.

டீசல் கணக்கு இதைவிட மோசம். எரிபொருள் செலவு ஒரு அலகுக்கு மணிக்கு 0.05 லிட்டர் என்று வருகிறது. உண்மையில் மணிக்கு 12.9 லிட்டர் என்றால் எண் 258. பைட்டுகள் 2, 1. திருப்பிப் படித்தால் 513, அதாவது 25.65 லிட்டர். பாரம் ஏற்றி மேடேறும் வண்டிக்கு நம்பக்கூடிய அளவு. உண்மையான செலவு 12.95, 13, 13.05 என்று மெல்ல ஏறும்போது திரையில் 38.45, 51.25, 64.05 என்று எகிறும். இதைப் பார்க்கும் நிரலாளர் பல சமயம் சென்சார் மேல் பழியைப் போட்டு, 60க்கு மேல் வந்தால் தள்ளிவிடு என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். அந்த வரி பிழையைத் திருத்தாது, மறைக்கும். மிச்சமிருக்கும் பொய்யான எண்கள் அறிக்கையில் ஏறிவிடும்.

இனி சி மொழிக்கு வருவோம். கைக்கு முதலில் வரும் வழி, பைட் வரிசையின் மேல் ஒரு முழு எண் பாயின்டரைக் காஸ்ட் செய்து அப்படியே படித்துவிடுவது. இதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். எண்ணின் வரிசையைச் சிப்பின் கையில் விட்டுவிடுகிறது என்பது ஒரு குறை. ஜே1939இன் 61444 என்ற எண்ணுள்ள செய்தியில் இன்ஜின் வேகம் 4ஆம், 5ஆம் பைட்டுகளில் வருகிறது என்பது இன்னொரு குறை. செய்தி நான்கின் மடங்கான முகவரியில் தொடங்கினால், வேகம் ஒற்றைப்படை முகவரியில் விழும். கார்டெக்ஸ் எம்0 சிப் அங்கிருந்து இரண்டு பைட்டுகளை ஒன்றாகப் படிக்காது. ஃபால்ட் ஆகி நின்றுவிடும். போதாததற்கு, இப்படிப் படிப்பதை சி மொழியின் விதிகளே அனுமதிப்பதில்லை. கம்பைலர் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடலாம்.

சரியான வழி எளிமையானது. பைட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உரிய அளவு இடப்பக்கம் ஷிஃப்ட் செய்து, ஆர் குறியால் சேர்க்க வேண்டும். இப்படி எழுதினால் சிப் எந்த வகை என்ற கேள்விக்கே இடமில்லை. வேகம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். இன்றைய கம்பைலர்கள் இந்த வடிவத்தை அடையாளம் கண்டு, பெரும்பாலும் ஒன்றிரண்டு கட்டளைகளாகச் சுருக்கிவிடுகின்றன.

ஆனால் இங்கும் ஒரு குழி உண்டு. 8 பிட் குறியில்லா எண்ணை ஷிஃப்ட் செய்யும்போது சி அதைக் குறியுள்ள இன்ட் ஆக்கிவிடும். பைட் 128 அல்லது அதற்கு மேல் இருந்து 24 இடம் நகர்த்தினால் இன்ட் வழிந்துவிடும், விளைவு வரையறுக்கப்படாதது. ஏவிஆர் சிப்பில் இன்ட் வெறும் 16 பிட்தான் என்பதால் அங்கே எந்த பைட்டுக்கும் இது தவறு. நேரத்தை மில்லிசெகண்டில் 8 பைட்டுகளாக அனுப்பும் கருவியில், 32 இடம் நகர்த்தும் வரியும் இப்படியே உடையும். ஷிஃப்டுக்கு முன்பே ஒவ்வொரு பைட்டையும் 32 அல்லது 64 பிட் குறியில்லா எண்ணாக மாற்றிவிடுங்கள். எதிர்மறை எண் வேண்டுமானால் சேர்த்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றம் ஒவ்வொரு திசையிலும் ஒரே இடத்தில், ஒரே முறை நடக்க வேண்டும்: கம்பியிலிருந்து உள்ளே வரும் வாசலில் ஒன்று, வெளியே போகும் வாசலில் ஒன்று. நடுவில் இருக்கும் நிரல் பைட் வரிசையைப் பற்றி யோசிக்கவே கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகத் திருப்பினால் எண் பழைய நிலைக்கே போய்விடும். லினக்ஸ் கெர்னலில் இதற்காகவே சிறிய பக்க எண்ணுக்கும் பெரிய பக்க எண்ணுக்கும் தனித்தனி வகைப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றை மற்றொன்றில் கலந்தால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற கருவி எச்சரிக்கும். சிறிய நிரலிலும் மாறியின் பெயரிலேயே வரிசையைக் குறித்துவைக்கலாம்.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரிகளில் புராஜெக்டுக்காக இப்படிக் கருவி செய்யும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேசைமேல் சோதிக்கும்போது பைட்டுகள் பெரும்பாலும் எல்லாம் 0 ஆகவோ, தகவல் இல்லை என்பதைக் குறிக்கும் 255 ஆகவோ வரும். இரண்டையும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். அந்தச் சோதனையில் தேறியது ஒரு தேர்ச்சியே அல்ல. 1, 2, 3, 4 என்று கொடுத்துப் பாருங்கள். பிறகு 200, 1, 2, 3 என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டும் சரியாக வந்த பிறகே கருவியை லாரியில் மாட்டுங்கள். நீங்கள் அனுப்பும் அந்த எண்ணை வைத்துத்தான் ஓட்டுநரிடம் டீசல் கணக்குக் கேட்பார்கள்.