இயந்திரம் முதலில் இங்கிலாந்தில் ஓடியது ஏன்?

இயந்திரத் தொழில் முதலில் இங்கிலாந்தில் ஏன் வேரூன்றியது? அங்குள்ளவர்கள் நம்மைவிட அறிவாளிகள் என்பதாலா? இல்லை. கணக்குத்தான் காரணம்.

அந்நாளில் சோழமண்டலக் கரையிலும் வங்காளத்திலும் நெய்த பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் பெரும் கிராக்கி இருந்தது. உள்ளூர் நெசவைக் காக்க, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே 1721-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அங்கே கூலி அதிகம், இந்தியாவில் குறைவு. கையால் நூற்றால் விலை கட்டாது.

கூலி குறைவென்றால் முதலாளி பத்துப் பேரை வைத்துக்கொள்வார். அதிகமென்றால் இயந்திரம் வாங்கக் கணக்குப் போடுவார். 1760-களில் ஹார்கிரீவ்ஸ் ஒரே ஆள் பல கதிர்களில் நூற்கும் இயந்திரத்தைச் செய்தார். 1771-இல் ஆர்க்ரைட், நீர்விசையில் ஓடும் நூற்பாலையைக் குரோம்ஃபோர்டில் தொடங்கினார்.

நிலக்கரியும் அங்கே மலிவு. சுரங்க நீரை இறைக்க நியூகோமென் 1712-இல் அமைத்த நீராவி இயந்திரம் மலைமலையாகக் கரியைத் தின்றது. கரி மலிந்த இடத்தில்தான் அது கட்டுப்படியாகும். பின்னர் ஜேம்ஸ் வாட் அதைச் சீர்திருத்தினார்.

ஆனால் கையால் நூற்றுப் பிழைத்த பெண்கள் வேலை இழந்தார்கள். இயந்திரத்தைச் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்களோ நல்ல சம்பளம் பெற்றார்கள்.

பெற்றோர்களே! கூலி உயர்வது நல்லது. அது உயரும்போது பின்னாலேயே இயந்திரமும் வரும். அன்று நம் பிள்ளை அதன் முன்னால் கைகட்டி நிற்பதா, அதை இயக்குவதா? அதை இன்றைய படிப்புத்தான் முடிவு செய்யும்.